எருக்குழிமேல் பறக்கும் கறுப்புக் குளவி எந்தக் குடும்பம்?

தென்னந்தோப்பு ஓரத்து எருக்குழிக்கு மேலே முழங்கால் உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்த பெரிய கறுப்புக் குளவியின் படத்தைப் போட்டு, இது எந்தக் குடும்பம் என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய புத்தகம் ஒன்றில் ஸ்கோலியிடே என்றிருக்கிறது, ஒருவர் டிஃபியிடே என்கிறார், இன்னொருவர் தின்னிடே என்கிறார், பல குடும்பங்களைச் சேர்த்து வைக்கும் மேல்குடும்பமும் ஓரிடத்தில் வெஸ்பாய்டியா, வேறிடத்தில் ஸ்கோலியாய்டியா என்று மாறுகிறது, யார் சொல்வது சரி என்பது உங்கள் குழப்பம். கடைசியில், மருந்து அடிக்க வேண்டுமா என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். இதில் உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. படத்தில் உள்ளது எது என்பது ஒன்று. படித்தவர்களே ஏன் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள் என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில் சுருக்கம். இரண்டாவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். நான் பூச்சியியல் கற்பித்தவன். ஊசி குத்திய குளவிகளைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து அடுக்குவது என் வேலையில் பெரும்பகுதி. மரபணு ஆய்வு என் கையால் செய்ததில்லை. அந்தப் பகுதியை மட்டும் வாசித்துப் புரிந்துகொண்டவனாகச் சொல்கிறேன்.

உங்கள் படத்தில் இருப்பது ஸ்கோலியிடே குடும்பம். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இறக்கையைப் பெரிதாக்கிப் பாருங்கள். நரம்புகள் கட்டம் கட்டமாக முடியும் இடத்துக்கு வெளியே, இறக்கையின் நுனிப்பகுதி முழுக்க, நெருக்கமான மெல்லிய கோடுகள் நீளவாக்கில் ஓடுகின்றன. இந்தக் கோடுகள் இந்தக் குடும்பத்தின் முத்திரை. கண்ணின் உள்விளிம்பில் ஒரு வெட்டு இருப்பதும் பொருந்துகிறது. மூன்றாவது அடையாளம் வயிற்றுப் பக்கம் இருக்கிறது, உங்கள் படத்தில் தெரியவில்லை. மார்பின் அடிப்பகுதி தட்டையான பலகைபோல விரிந்து, நடுக்கால்களும் பின்கால்களும் தொடங்கும் இடத்தை மூடியிருக்கும். முதல் இரண்டே போதும், குடும்பத்தைச் சொல்லிவிடலாம். சிற்றினத்தைச் சொல்ல இந்தப் படம் போதாது. உலகில் சுமார் 560 ஸ்கோலியிடே சிற்றினங்கள் இருக்கின்றன. கறுப்பு உடம்பில் மஞ்சள் திட்டு என்பது அவற்றில் பலவற்றுக்கும் பொதுவான வேடம். நிறத்தை மட்டும் வைத்து யாராவது உறுதியாகச் சிற்றினப் பெயர் சொன்னால் நம்பாதீர்கள்.

மருந்து விஷயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன்: வேண்டாம். இது கதண்டு மாதிரி கூடு கட்டிக் கூட்டமாகக் காவல் காக்கும் பூச்சி இல்லை. காக்க அதற்குக் கூடே கிடையாது. தாழப் பறந்து வட்டமடிப்பவை பெரும்பாலும் ஆண்கள். மண்ணிலிருந்து வெளிவரும் பெண்ணுக்காகக் காத்திருப்பவை. ஆணுக்குக் கொடுக்கு கிடையாது. வயிற்று நுனியில் மூன்று முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும், பிடித்தால் குத்துவதுபோல் பாவனை செய்யும், அவ்வளவுதான். பெண்ணுக்குக் கொடுக்கு உண்டு, கையில் பிடித்து நசுக்கினால் கொட்டும். மற்றபடி அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகும்.

அந்த வேலை என்னவென்று தெரிந்தால் வகைப்பாட்டுச் சண்டையும் எளிதாகப் புரியும். பெண் குளவி எருவையோ மண்ணையோ துளைத்து உள்ளே இறங்குகிறது. அங்கே அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும் வண்டுப்புழுவைத் தேடிப் பிடிக்கிறது. காண்டாமிருக வண்டு, மலர்வண்டு, வேர்ப்புழு என்று நாம் சொல்லும் ஹோலோட்ரிக்கியா, இவை எல்லாமே ஸ்கராபேயிடே என்ற ஒரே வண்டுக் குடும்பம். ஸ்கோலியிடே குளவிகள் முக்கியமாக நம்பியிருப்பது இவற்றின் புழுக்களைத்தான். குளவி புழுவின் அடிப்பக்கத்தில் கொட்டுகிறது. புழு சாவதில்லை, அசைவற்றுப் போகிறது. அதன் வயிற்றுப் பக்கம் ஒரே ஒரு முட்டையை ஒட்டிவைக்கிறது. முட்டையிலிருந்து வரும் குளவிப் புழு, தலையை வண்டுப்புழுவின் உடம்புக்குள் விட்டுத் தின்னத் தொடங்கும். பிரான்ஸின் தெற்கில் இதை வாழ்நாளெல்லாம் கவனித்த ஃபாப்ர் எழுதியது இன்றைக்கும் படிக்கத் தகுந்தது. உயிருக்கு அவசியமான உறுப்புகளைக் கடைசிவரை விட்டுவைத்து, இரை கெட்டுப்போகாதபடி ஒரு ஒழுங்கில் அது தின்கிறது என்று அவர் காட்டினார். தின்று முடித்ததும் அங்கேயே, பட்டுப்புழுபோல, தன்னைச் சுற்றிப் பழுப்பு நிறக் கூடு பின்னிக்கொள்ளும். வளர்ந்து வெளியே வந்தபின் ஆணும் பெண்ணும் தேன் தேடிப் பூவுக்குப் போகும். இவற்றுக்கு வழங்கும் மலர்க்குளவி என்ற பெயர் அந்தக் கடைசிப் பருவத்தைப் பார்த்து வந்தது.

டிஃபியிடே செய்வதும் ஏறக்குறைய இதே வேலை. டிஃபியா என்ற பேரினத்தின் குளவிகள் சின்னவை, பளபளக்கும் கறுப்பு, குட்டையான முள்நிறைந்த கால்கள். அவையும் மண்ணுக்குள் இறங்கி ஸ்கராப் புழுக்களையே கொட்டுகின்றன. ஒரு வித்தியாசம் உண்டு. ஸ்கோலியா கொட்டினால் புழு பெரும்பாலும் மறுபடி எழுவதில்லை. டிஃபியா கொட்டினால் மயக்கம் கொஞ்ச நேரம்தான். அதற்குள் புழுவின் உடல் மடிப்பு ஒன்றில் முட்டையை ஒட்டிவிடும். எந்த மடிப்பு என்பது ஒவ்வொரு சிற்றினத்துக்கும் ஏறக்குறைய நிலையானது. பிறகு புழு தெளிந்து, முதுகிலோ வயிற்றிலோ அந்த முட்டையைச் சுமந்துகொண்டு பழையபடி வேரைக் கடிக்கப் போய்விடும். உங்களிடம் டிஃபியிடே என்று சொன்னவர் வாழ்க்கைமுறையைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். உருவத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

தின்னிடே என்றவர் எங்கிருந்து அந்தப் பெயரைப் பிடித்தார் என்பதும் எனக்குப் புரிகிறது. மலர்க்குளவி என்று தேடினால் ஆஸ்திரேலியப் படங்கள்தான் குவியும். அங்கே தின்னிடே குடும்பம் பெரிய குடும்பம். அவற்றில் பெரும்பாலானவற்றின் பெண்ணுக்கு இறக்கையே கிடையாது. பெண் மண்ணிலிருந்து வெளிவந்து ஒரு புல் நுனியில் ஏறி நின்று மணம் பரப்பும். இறக்கையுள்ள ஆண் வந்து அதைத் தூக்கிக்கொண்டு பறக்கும், இணையும், பூவுக்குக் கொண்டுபோய்த் தேன் குடிக்கவும் வைக்கும். இந்த ஏற்பாட்டை மோசடிக்குப் பயன்படுத்திக்கொள்ளும் ஆர்க்கிட்கள் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் டிரக்கேயா ஆர்க்கிட்டின் உதடு, பெண் குளவிபோலவே இருக்கும், மணமும் அதுபோலவே. தூக்கிப் பறக்கப் பார்க்கும் ஆணைக் கீல்வைத்த உதடு மகரந்தத்தின் மேல் கொண்டுபோய் மோதவைக்கும். மத்தியதரைக் கடலோரத்தில் ஓஃப்ரிஸ் ஸ்பெகுலம் என்ற ஆர்க்கிட், ஸ்கோலியிடே குடும்பத்து ஆண் ஒன்றை இதே மாதிரி ஏமாற்றுகிறது. இரண்டு கண்டங்களில், இரண்டு குடும்பங்களில், ஒரே ஏமாற்று. உங்கள் எருக்குழிமேல் சுற்றும் ஆண்களின் அவசரத்தைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

இனி ஏன் இத்தனை பெயர் என்ற கேள்விக்கு வருவோம். ஸ்கோலியா, டிஃபியா, தின்னஸ் மூன்று பேரினங்களுக்கும் பெயர் வைத்தவர் ஒருவரே, டென்மார்க்கின் ஃபாப்ரிசியஸ், ஒரே ஆண்டில், 1775-இல். தின்னஸ் அவருக்குக் கிடைத்தது இயற்கையியலாளர் ஜோசஃப் பேங்க்ஸ், கேப்டன் குக்கின் கப்பலில் போய், ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த தொகுப்பிலிருந்து. அப்போது கையில் இருந்தவை செத்து உலர்ந்த உடல்கள். வாழ்க்கை வரலாறு எதுவும் தெரியாது. அடுத்து வந்தவர்களுக்கு இன்னொரு தொல்லை. இறக்கையுள்ள ஆணும் இறக்கையில்லாத பெண்ணும் ஒரே சிற்றினம் என்று பார்த்தால் யாருக்கும் தோன்றாது. அதனால் ஆண் ஒரு பெயரிலும் பெண் வேறொரு பெயரிலும் வெளியான சம்பவங்கள் இந்தக் குடும்பங்களில் நிறைய. இணைந்த நிலையில் பிடிபட்ட ஜோடிகளே பல முடிச்சுகளை அவிழ்த்தன.

இந்தியாவுக்கு அடிப்படை நூல் பிங்காம் 1897-இல் எழுதிய பிரிட்டிஷ் இந்திய விலங்குத் தொகுதியின் குளவி, தேனீப் பாகம். அதில் டிஃபியா ஸ்கோலியிடேக்கு உள்ளேயே இருக்கிறது. பின்னால் டிஃபியிடே தனிக் குடும்பமாகியது. ஆனால் அது ஒரு குடும்பம் என்பதைவிடக் கோணிப்பை என்பதே பொருத்தம். தின்னஸ் கூட்டம், மைசினம் கூட்டம், வேட்டைவண்டின் புழுவைத் தாக்கும் மெத்தோக்கா, அமெரிக்கப் பாலைகளில் இரவில் பறக்கும் பிராக்கிசிஸ்டிஸ் கூட்டம், ஆஸ்திரேலியாவில் நீல எறும்பு என்று பெயர்பெற்ற டயம்மா, எல்லாவற்றையும் துணைக்குடும்பங்களாக அதற்குள் போட்டார்கள். ஸ்கோலியிடே, டிஃபியிடே, வெல்வெட் எறும்பு என்று சொல்லப்படும் மியூட்டிலிடே இவற்றைச் சேர்த்து ஸ்கோலியாய்டியா என்ற மேல்குடும்பம் ஒன்றும் இருந்தது. 1975-இல் டெனிஸ் பிரதர்ஸ் என்ற பூச்சியியலாளர் உடல் அமைப்புகளைத் திட்டமாக ஒப்பிட்டு, இவற்றையும் எறும்பையும் கதண்டுக் குடும்பத்தையும் வெஸ்பாய்டியா என்ற ஒரே பெரிய மேல்குடும்பத்தில் சேர்த்தார். என்னைப் போன்றவர்கள் படித்ததும் கற்பித்ததும் அதைத்தான். நீங்கள் பார்த்த வெஸ்பாய்டியா அங்கிருந்து வந்தது.

அப்புறம் மரபணு வந்தது. 2008-இல் பில்கிரிம் என்ற ஆய்வாளரும் அவரோடு இருவரும் நான்கு மரபணுக்களை வைத்து இந்தக் கூட்டத்தை ஆராய்ந்தார்கள். கோணிப்பை கிழிந்தது. டிஃபியாவும் பிராக்கிசிஸ்டிஸ் கூட்டமும் ஒரு பக்கம் நின்றன. தின்னஸ், மைசினம், மெத்தோக்கா, டயம்மா எல்லாம் வேறொரு கிளையில் ஒன்றாக நின்றன. அதனால் தின்னிடே மறுபடி தனிக் குடும்பமானது. 2013-இல் ஜான்சனின் குழு மரபணுத் தொகுதி அளவில் தரவு சேர்த்தது. 2017-இல் பிரான்ஸ்டெட்டரின் குழு 800-க்கும் மேற்பட்ட மரபணுப் பகுதிகளை வைத்து இன்னும் அதிகச் சிற்றினங்களைச் சேர்த்துப் பார்த்தது. இந்த ஆய்வுகள் ஒத்துச்சொல்லும் விஷயம் பலருக்கும் நம்பக் கடினமாக இருக்கும். எறும்புக்கு மிக நெருங்கிய உறவு தேனீயும் அதைச் சார்ந்த குளவிகளும் அடங்கிய கிளை. அந்த இரண்டுக்கும் அடுத்த உறவு ஸ்கோலியா. கதண்டு இவை எல்லாவற்றையும்விடத் தள்ளி, முன்னாலேயே பிரிந்துபோன கிளை. ஆக உங்கள் எருக்குழிக் குளவிக்குக் கதண்டைவிடத் தேனீ நெருங்கிய சொந்தம். இப்படி இருக்க அதையும் கதண்டையும் ஒரே வெஸ்பாய்டியாவில் வைக்க வேண்டுமென்றால் தேனீயையும் அதற்குள் இழுத்துப்போட வேண்டிவரும். அதனால் மேல்குடும்பத்தை உடைத்தார்கள். ஸ்கோலியாய்டியா என்ற பெயர் திரும்ப வந்தது. ஆனால் உள்ளடக்கம் பழையது இல்லை, ஸ்கோலியிடேயும் பிராடினோபேனிடே என்ற சின்னக் குடும்பமும் மட்டுமே. ஒரே பெயர், 2 காலத்தில் 2 பொருள். குழப்பத்தில் பாதி இங்கிருந்துதான் வருகிறது. ஒரு நூலில் ஸ்கோலியாய்டியா என்று பார்த்தால் முதலில் அது அச்சான ஆண்டைப் பாருங்கள்.

இன்னொன்றும் தெரியவந்தது. ஸ்கோலியாவும் டிஃபியாவும் நெருங்கிய உறவு இல்லை. டிஃபியாவும் தின்னஸும் மியூட்டிலிடேயும், சிலந்தி பிடிக்கும் பொம்பிலிடேயும் நிற்பது வேறொரு பெருங்கிளையில். தடித்த உடம்பு, முள்கால், ஸ்கராப் புழுவின் மேல் முட்டை என்று ஸ்கோலியாவும் டிஃபியாவும் இத்தனை ஒத்திருப்பதற்குக் காரணம், இரண்டும் மண்ணைத் தோண்டிப் பிழைப்பவை என்பதுதான். மண்ணுக்குள் இறங்க வேண்டிய பூச்சிக்கு முன்கால் குட்டையாகவும் பலமாகவும் இருந்தாக வேண்டும், உடம்பு உராய்வைத் தாங்க வேண்டும். இறக்கையில்லாத பெண்ணும் அப்படியே: மண்ணுக்குள் இறக்கை இடைஞ்சல், அதனால் தனித்தனிக் கிளைகளில் தனித்தனியாகத் தொலைந்திருக்கிறது. பழையவர்களைக் குறைசொல்ல முடியாது. அவர்கள் பார்த்த அடையாளங்கள் உண்மையானவை. ஆனால் அந்த அடையாளங்கள் பிழைப்பைக் காட்டின, வம்சத்தைக் காட்டவில்லை. இறக்கை நுனிக் கோடுகளும் மார்பின் அடிப்பலகையும்போல் பிழைப்போடு நேராகத் தொடர்பில்லாததாகத் தோன்றும் சின்ன விஷயங்களே இந்தக் குடும்பத்தைப் பிரித்துக்காட்ட நம்பகமாக நின்றிருக்கின்றன. அடிப்பலகையைத் தோண்டும் வேலையோடு சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை.

எது உறுதி, எது இன்னும் ஆட்டம் காண்கிறது என்று பிரித்துச் சொல்கிறேன். ஸ்கோலியிடே ஒரே மூதாதையிலிருந்து வந்த இயல்பான குடும்பம் என்பது உருவத்தாலும் மரபணுவாலும் உறுதி. டிஃபியிடேயும் தின்னிடேயும் தனித்தனி என்பதை இன்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள். கதண்டுக் குடும்பம் தள்ளி நிற்பதும் ஆய்வுக்கு ஆய்வு திரும்ப வருகிறது. டிஃபியா, தின்னஸ், மியூட்டிலிடே, பொம்பிலிடே நிற்கும் அந்தப் பெருங்கிளைக்குள் யாருக்கு யார் பக்கத்தில் என்பது இன்னும் இறுகவில்லை. அதை எத்தனை மேல்குடும்பமாகப் பிரிப்பது என்பதில் ஆளுக்கு ஆள் பழக்கம் வேறுபடும், அது இயற்கை தரும் பதில் இல்லை, வசதி. ஸ்கோலியிடேக்கு உள்ளேயும் பேரினங்களின் எல்லை நிலையாக இல்லை. ஒரு காலத்தில் காம்ப்சோமெரிஸ் என்ற ஒரே பெயரில் இருந்த பெரிய கூட்டத்தை பெட்ரெம், பிராட்லி என்ற வகைப்பாட்டாளர்கள் சின்னச் சின்னப் பேரினங்களாக உடைத்தார்கள். வேர்ப்புழுவைத் தாக்குவதாகப் பழைய வேளாண் நூல்களில் வரும் காம்ப்சோமெரிஸ் கொல்லாரிஸ் இன்று காம்ப்சோமெரியெல்லா கொல்லாரிஸ். பூச்சி அதேதான்.

பெயர் எதுவாக இருந்தால் என்ன, தோப்புக்காரனுக்கு இதில் என்ன என்று நீங்கள் கேட்கலாம். குடும்பத்தைச் சரியாகச் சொன்னால் அது எதைத் தின்னும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். தின்னிடேயில் உள்ள டயம்மா பிள்ளைப்பூச்சியைப் பிடிக்கும், மெத்தோக்கா வேட்டைவண்டுப் புழுவைப் பிடிக்கும். ஸ்கோலியிடே என்றால் பக்கத்தில் ஸ்கராப் புழு இருக்கிறது என்று அர்த்தம். இதை நம்பிப் பல நாடுகள் குளவிகளைக் கப்பலேற்றின. பிலிப்பைன்ஸிலிருந்து ஸ்கோலியா மனிலேயை 1916 வாக்கில் ஹவாய்க்குக் கொண்டுபோய், கரும்பு வேரைத் தின்ற அனோமலா வண்டுக்கு எதிராக விட்டார்கள், நல்ல பலன் கிடைத்தது. ஜப்பானிய வண்டுக்காக 1920களில் கிழக்காசியாவிலிருந்து டிஃபியா குளவிகள் அமெரிக்கா போயின.

சமோவாவில் கதை வேறு மாதிரி போனது. அதில் நமக்கு ஒரு பாடம் இருப்பதால் சொல்கிறேன். நம் காண்டாமிருக வண்டு 1909-இல் இலங்கையிலிருந்து போன ரப்பர் கன்றுகளோடு சமோவாவில் இறங்கியது. தென்னைகள் அழிந்தன. சான்சிபாரிலிருந்து ஸ்கோலியா ரூஃபிகோர்னிஸ் என்ற குளவியை 1940களில் கொண்டுவந்து விட்டார்கள். குளவி அங்கே நன்றாகவே வேரூன்றியது. ஆனால் வண்டின் சேதம் குறையவில்லை. பெரிய புழு, ஆழமான குப்பை, உளுத்த தென்னந்தடி, ஒரு குளவிக்கு ஒரு நேரத்தில் ஒரு புழு. கணக்கு ஒத்துவரவில்லை. 1963-இல் ஹூகர் மலேயாவில் அந்த வண்டைத் தாக்கும் வைரஸைக் கண்டுபிடித்தார். 1967-இல் அது சமோவாவில் விடப்பட்ட பிறகே வண்டு அடங்கியது. ஆகவே குளவி வந்திருக்கிறது, இனி கவலையில்லை என்று இருந்துவிடாதீர்கள். எருவைக் கிளறிப் புழுவைப் பொறுக்குவது, வண்டுப்புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சையை எருக்குழியில் இடுவது, செத்த தென்னை மரத்தைத் தோப்பில் விட்டுவைக்காமல் இருப்பது, இவையெல்லாம் தொடரட்டும். குளவி கூடுதல் உதவி. விஷ மருந்து மேலே பறக்கும் அதைத்தான் முதலில் கொல்லும், முழ ஆழத்தில் கிடக்கும் புழுவைத் தொடாது.

சிற்றினம் தெரிந்தே ஆக வேண்டுமென்றால் இன்னும் சில படங்கள் எடுங்கள். முன்னிறக்கை முழுவதும் தட்டையாகத் தெரியும்படி ஒன்று. நடுவில் பின்னோக்கி வளையும் நரம்பு ஒன்றா இரண்டா என்று எண்ண முடிய வேண்டும். ஒன்றென்றால் ஸ்கோலியா பக்கம், இரண்டென்றால் காம்ப்சோமெரிஸ் பக்கம். முகத்தை நேராக ஒன்று, வயிற்று நுனியை ஒன்று, முடிந்தால் அடிப்பக்கம் ஒன்று. ஆணும் பெண்ணும் இரண்டும் வேண்டும். காம்ப்சோமெரிஸ் பக்கத்து ஆண்கள் பெரும்பாலும் மெலிந்து, நீண்ட உணர்கொம்பும் மஞ்சள் பட்டைகளுமாக, பெண்ணின் ஜாடையே இல்லாமல் இருக்கும். எரு கிளறும்போது நீள்வட்டமான பழுப்புக் கூடு கிடைத்தால் பிய்க்காமல், ஈரம் காயாத எருவோடு ஒரு டப்பாவில் போட்டு மேலே வலைத்துணி கட்டிவையுங்கள். கூட்டோடு ஒட்டி வண்டுப்புழுவின் தலை ஓடும் சுருங்கிய தோலும் இருக்கும், அதைத் தூக்கிப் போடாதீர்கள். தோலின் வால்பக்க அடியில் உள்ள மயிர்களின் அடுக்கைப் பார்த்து அது காண்டாமிருக வண்டா, வேர்ப்புழுவா, வெறும் மக்கைத் தின்று யாருக்கும் தொல்லை தராத மலர்வண்டா என்று சொல்லிவிடலாம். குளவியின் பெயரைவிட அந்தத் தகவல்தான் உங்கள் தென்னைக்கு அதிகம் உதவும்.